நம்ம பசங்க

(உட்லண்ட்ஸ், 2016. சிங்கப்பூரின் வேத மெட்டல் இசைக்குழுவான ருத்ரா 'எனிமி ஆஃப் டுவாலிட்டி' ஆல்பத்தை வெளியிட்ட ஆண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும், அவரிடம் படித்து இப்போது ரிபப்ளிக் பாலிடெக்னிக்கில் இருக்கும் இளைஞனும் புளோக்கின் கீழே உள்ள காப்பிக்கடையில்.)

சீடன்: ஐயா, ருத்ராவின் புது ஆல்பத்தை வைத்து எங்கள் செட்டில் ஒரே சண்டை. 'பழைய ருத்ரா செத்துப்போச்சு' என்கிறான் ஒருவன். 'நம்ம பசங்கடா, தூக்கிவிடணும்' என்கிறான் இன்னொருவன். அம்மாவோ, 'சுலோகத்தை ஏன் இப்படிக் கத்துறாங்க' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இதில் யார் சொல்வது சரி?

குரு: மூன்று பேரில் யார் ஆல்பத்தை முழுசாகக் கேட்டது?

சீடன்: யாருமே இல்லை. முதலாமவன் ரயிலில் கேட்டான். அட்மிரல்ட்டி வருவதற்குள் இரண்டு பாட்டைத் தள்ளிவிட்டான். அம்மா கேட்டது என் அறைக் கதவு வழியாக வந்ததை.

குரு: அப்படியென்றால் உங்கள் அம்மாவே தேவலை. காதில் விழுந்ததைப் பற்றிப் பேசியிருக்கிறார். சுலோகமும் உறுமலும் எதற்கு ஒன்றாக வர வேண்டும்? நல்ல கேள்வி. மற்ற இருவர் பேசியதில் இசையே இல்லை.

சீடன்: பழையதோடு ஒப்பிட்டால் இசையைப் பற்றிப் பேசுவதாகாதா? 1992-இல் தொடங்கிய குழு. 1998-இல் முதல் ஆல்பம். பிறகு 2005, 2009, 2011 என்று 'பிரம்மவித்யா' மூன்று பாகம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஓர் அளவுகோல் இருக்காதா?

குரு: இருக்கும். ஆனால் அந்த 'பிரம்மவித்யா'வும் ஒருநாள் புதுசாகத்தானே வந்தது? 1986-இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' போட்டார். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த கருவியிசை. சினிமாப் பாட்டு என்று நினைத்து வாங்கியவன், எஸ்.பி.பி. எங்கே, ஜானகி எங்கே என்று தேடினால் அது கேசட்டின் குறையா? உன் நண்பன் தேடுவது பதினாறு வயதில் அந்த இரட்டைப் பெடல் டிரம் முதன்முதலாக நெஞ்சில் இடித்த சாயங்காலத்தை. அதை ருத்ராவின் பாடகர் கதிர் எங்கேயிருந்து கொண்டுவந்து கொடுப்பார்?

சீடன்: சரி, இரண்டாமவன்? ருத்ராவுக்குப் பின்னால் சினிமா கிடையாது, பெரிய கம்பெனி கிடையாது. நாங்கள் பேசாவிட்டால் யார் பேசுவார்கள்?

குரு: டிக்கெட் வாங்கு, டி-சட்டை வாங்கு. அது ஆதரவு, கருத்து வேறு. சின்ன ஊரில் இதுதான் தொல்லை. மேடையில் வாசிப்பவரும் கீழே நின்று தலையாட்டுபவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அடுத்த மாதம் சப்ஸ்டேஷன் அரங்கில் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று 'சூப்பர்' என்கிறோம். வெளிநாட்டில் இருந்து கேட்பவனுக்கு அந்தத் தயவு தாட்சண்யம் இல்லை. ரிஃப் பிடிக்காவிட்டால் அடுத்த குழுவுக்குப் போய்விடுவான். இங்குள்ள இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் வேத மெட்டலையும் சிங்கப்பூர்த் தென்னிந்திய சமூகத்தையும் பற்றி 2009-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். நாம் இன்னும் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு கொடுக்க வந்த பிரமுகர் மாதிரி முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவர்களை இதைவிட மட்டமாக நடத்த முடியாது.

சீடன்: இன்னொன்று தோன்றுகிறது, ஐயா. ஆல்பத்தின் தலைப்பே இருமைக்குப் பகை என்கிறது. பிடித்தது, பிடிக்காதது என்று பிரிப்பதும் இருமைதானே? கருத்தே சொல்லாமல் இருப்பதுதான்...

குரு: கெட்டிக்காரத்தனம் பண்ணாதே. இருமை இல்லை என்ற சங்கரரின் பாஷ்யத்தையே புரட்டிப் பார். எதிர்த்தரப்பு சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, ஒவ்வொன்றாக உடைப்பார். 'எல்லாம் ஒன்று, எனக்கெதற்கு வம்பு' என்று அவர் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

சீடன்: பின்னே எப்படித்தான் கேட்பது?

குரு: இறையனார் அகப்பொருள் உரையில் ஒரு கதை வருகிறதே. சங்கப் புலவர்கள் நாற்பத்தொன்பது பேர். அந்த நூலுக்கு ஆளுக்கு ஓர் உரை, எது மெய்யுரை என்று வழக்கு. தீர்ப்புச் சொல்ல உருத்திரசன்மனை உட்காரவைத்தார்கள். ஐந்து வயது, வாய் பேசாத பிள்ளை. ஒருவர் பின் ஒருவராக வாசிக்க, அவன் அசையவில்லை. மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் கண்ணீர். நக்கீரர் வாசித்தபோது பதந்தோறும் கண்ணீர், மயிர்க்கூச்சு. கவனி, இளநாகனாருக்கும் சில இடம் உண்டு. மொத்தமாக ஏற்பதும் இல்லை, மொத்தமாகத் தள்ளுவதும் இல்லை. இடம் இடமாகக் கேட்டிருக்கிறான்.

சீடன்: அந்தக் கதை எந்த உரையின் முகப்பில் இருக்கிறது? நக்கீரர் உரையில். ஜெயித்த கட்சி எழுதிவைத்த கதை, ஐயா. மேலும் அவன் ஊமை. அழுதான், சரி. ஏன் அழுதான் என்று யார் கேட்க முடிந்தது?

குரு: (சிரித்து) இரண்டும் செல்லும். முதலாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது உனக்குத்தான் பொருந்தும், உனக்கு வாய் இருக்கிறது. சொல், எந்த இடத்தில் உனக்குக் கூச்செறிந்தது?

சீடன்: உறுமலுக்கு நடுவே சுலோகம் நுழையும் இடங்களில். கிதார் தனியாக நீளும்போது சில தடவை கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டாமவனிடம் இதைச் சொன்னால், நம்ம ஆட்களையே இறக்கிப் பேசுகிறாயா என்பான்.

குரு: சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்பதையும் சேர்த்துச் சொல். உன்னை மறுப்பதற்காகவாவது அவன் உட்கார்ந்து கேட்பான்.