வெற்று அறையும் வரைந்த நாற்காலியும்

ஆளில்லாத வீட்டின் வெற்று அறையைப் படமெடுத்து, செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் அதில் சோபா, கட்டில், திரைச்சீலை சேர்த்து விற்பனை விளம்பரத்தில் இடும் பழக்கம் பரவியுள்ளது. சொல்லே இல்லாத அந்தப் படம் பொய் சொல்கிறதா?

கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டின், சுமார் 395இல் பொய்யைப் பற்றி எழுதிய நூலில், ஏமாற்றும் எண்ணத்தையே பொய்யின் உயிராகக் கண்டார். அந்த அளவுகோலில் வரைந்த நாற்காலி பெரும்பாலும் குற்றமற்றது. அது வீட்டோடு வராதென்று வாங்குபவருக்குத் தெரியும். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கட்டிலைச் சற்றுச் சிறிதாக வரைந்தால் அறை பெரிதாகிவிடும். சுவரின் விரிசலையும் ஈரக்கறையையும் மென்பொருள் துடைத்துவிடும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குபவருக்கு இது சின்ன விஷயமே அல்ல.

கயிற்றைப் பாம்பென்று காணும் அத்வைத உவமையான கயிற்றரவில் மயக்கம் காண்பவரின் அறியாமையில் பிறக்கிறது. விளக்கு வந்ததும் பாம்பு மறைகிறது. இங்கோ பாம்பை இன்னொருவர் வரைகிறார், விளக்கும் அவர் கையில்தான் இருக்கிறது. எனவே உண்மையைக் காட்டும் கடமையும் அவருடையதே.

இந்தக் கடமையைச் சட்டமும் விதிக்கத் தொடங்கியுள்ளது. கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வீட்டு விற்பனை விளம்பரத்தில் இருப்பது மாற்றிய படம் என்று அறிவிக்கவும் மாற்றாத மூலப்படத்தைக் காண வழிதரவும் கோருகிறது. வெளிச்சம், நிறம் சீராக்குவது இதில் அடங்காது.