மறுபடி செய்த பொருள் அதே பொருளா?

உற்பத்தி நின்றுபோன பொருளை மறுபடி செய்தால் அது பழைய பொருள்தானா, வேறு பொருளா என்பது காரண காரியம் பற்றிய தத்துவ வினா. பிலிம் கேமராக்கள் இன்று இவ்வினாவை நேராக எழுப்புகின்றன. 1982இல் வந்த நிக்கான் எப்எம்2 போன்றவை மீண்டும் வரவேண்டும் எனப் புகைப்படக் கலைஞர் பலர் ஏங்குகின்றனர். 1984இல் அறிமுகமாகிப் பின்னர் நிறுத்தப்பட்ட லைக்கா எம்6 கேமராவை அந்நிறுவனமே 2022இல் திரும்பச் செய்தது. பெயரும் வடிவமும் பழையவை. துத்தநாக வார்ப்பாக இருந்த மேல்மூடி பித்தளையாயிற்று.

நியாய வைசேடிகர் கொள்கைப்படி, காரியம் தோன்றும் முன் இல்லாதது. ஆகவே அழிந்தது திரும்புவதில்லை. அதே சாதியைச் சேர்ந்த இன்னொன்றே பிறக்கிறது.

பௌத்தம் இன்னும் ஒரு படி செல்கிறது. எப்பொருளும் கணந்தோறும் தோன்றி மறையும் நிகழ்வுகளின் தொடர்ச்சி. பழைய கேமராவேகூட நேற்றைய கேமரா அன்று; ஒப்புமையை மனம் ஒருமையாகக் கொள்கிறது. 

சைவ சித்தாந்தம் சற்காரியவாதம் பேசுவது. காரியம் தன் காரணத்தில் நுண்ணிலையில் முன்பே இருக்கிறது. அழிவு என்பது காரணத்தில் ஒடுங்குவதே. ஒடுங்கியது மீண்டும் வெளிப்பட மூன்று காரணங்கள் வேண்டும். குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம்.

கேமரா உலகுக்கு இப்பகுப்பு மிகவும் பொருந்துகிறது. போலராய்டு நிறுவனம் 2008இல் உடனடிப் பட பிலிமை நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையின் எந்திரங்களையும் பழைய பணியாளர் சிலரையும் வேறொரு குழு காத்துக்கொண்டது. துணையும் நிமித்தமும் இருந்தன. ஆனால் முதற்காரணமான பழைய வேதிப்பொருள்கள் கிடைக்கவில்லை. புதுக் கலவையில் 2010இல் வந்த பிலிம் வேறு சாயலில் படம் தந்தது. உதகையில் 1960இல் நிறுவப்பட்டு 1967 முதல் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டது. அங்கே எந்திரமும் கைப்பழக்கமும் ஒருசேரப் போயின.

இதற்கு எதிர்நிலையில் இருப்பது காவிரிப் படுகையின் செப்புத் திருமேனி வார்ப்பு. மெழுகு உருவின்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியபின் மண்கூட்டை உடைப்பர். ஒரு கூட்டில் ஒரு படிமமே பிறக்கும். ஒவ்வொரு முறையும் அச்சு அழிந்தும், சுவாமிமலை ஸ்தபதிகளிடம் அளவும் கைத்திறனும் தொடர்வதால் திருமேனிகள் இன்றும் வார்க்கப்படுகின்றன.

ஆகவே, தனிப் பொருள் திரும்பாது என்று நியாயமும் பௌத்தமும் சொல்வது சரியே. ஆனால் அதன் வகை எந்த அளவுக்கு மீண்டும் வெளிப்படும் என்பதைச் சித்தாந்தத்தின் முக்காரணம் தீர்மானிக்கிறது. கேமரா மீண்டும் வரவேண்டும் என விரும்புவோர் முதலில் காக்கவேண்டியவை பிலிம் ஆலைகள், கழுவும் கூடங்கள், பழுதுபார்ப்போரின் தொழிலறிவு ஆகிய காரணங்களே. அவை உள்ளவரை உற்பத்தி நின்ற கேமரா ஒடுங்கிய நிலையில்தான் இருக்கிறது; அவை அற்றால்தான் அது உண்மையில் இல்லாமற்போகிறது.