பிடித்த பிடி

வடமொழியில் வைராக்கியம் என்றால் பற்றை விடுவது. நம் பேச்சில் அது பிடித்த பிடியை விடாமல் நிற்பது. "வைராக்கியமா இருந்து பிள்ளைகளை ஆளாக்கிட்டா" என்று ஊரார் ஒரு பெண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் புகழ் கிடையாது. பிடிவாதத்துக்கும் வீம்புக்கும் இந்த மரியாதை இல்லை. பிடிவாதக்காரர் அடுத்தவரைப் படுத்தி வேண்டியதை வாங்கிக்கொள்கிறார். வைராக்கியம் உள்ளவர் தம்மையே வருத்திக்கொள்கிறார்.

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மணிப்பூரின் இரோம் ஷர்மிளா ஞாபகம்தான். 2000 நவம்பர் 2 அன்று இம்பால் அருகே மாலோமில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் உட்பட 10 பேர் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கும்வரை உண்பதில்லை என்று ஷர்மிளா உட்கார்ந்தார். அப்போது வயது 28. தற்கொலை முயற்சி என்று வழக்குப் போட்டார்கள். அதற்கு அன்று அதிகபட்சத் தண்டனை ஓராண்டு என்பதால் ஆண்டு முடிந்தால் விடுதலை, மறுபடி உண்ண மறுத்ததும் கைது. மருத்துவமனைக் காவலில், மூக்கில் செருகிய குழாய் வழியே திரவ உணவு. வாயில் தண்ணீர் படக் கூடாதென்று உலர்ந்த பஞ்சால் பல் துலக்கினார். 16 ஆண்டுகள் இப்படியே போயின.

2016 ஆகஸ்ட் 9 அன்று உள்ளங்கையில் விட்ட தேனை நாவில் வைத்து உண்ணாவிரதத்தை முடித்தார். சட்டம் அப்படியேதான் இருந்தது. தேர்தலில் நின்று போராடுகிறேன் என்றார். தங்கப் போன இடத்தில் அக்கம்பக்கத்தார் சேர்க்கவில்லை; மருத்துவமனைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு தேர்தலில் முதலமைச்சரை எதிர்த்து நின்று அவர் பெற்றது 90 வாக்குகள்.

பணபலமும் கட்சிபலமும் இல்லாதவர் தோற்பது புதிதில்லைதான். ஆனால் பட்டினி கிடந்தவரைக் கும்பிட்டவர்கள், சாப்பிட்டவரை ஏன் கைவிட்டார்கள்? அவர் கோரிக்கையை விடவில்லை, வழியை மாற்றினார். ஒருவருடைய உறுதியைப் பார்த்துப் பார்த்து அது நம்முடைய சொத்து என்றே நினைத்துவிடுகிறோம். நமக்கு இல்லாத வைராக்கியத்தை நம் சார்பில் அவர் கடைசிவரை சுமக்க வேண்டும் என்கிறோம். இது கொடுமை.

வீடுகளிலும் இதுவே நடக்கிறது. என் பெரியம்மா பிறந்த வீட்டில் ஒரு பிடி அரிசி வாங்காமல் இட்லி விற்று மகன்களைப் படிக்கவைத்தார். வயதான பிறகு தம்பி கொண்டுவந்த பொங்கல் சீரை வாங்கிக்கொண்டார். "இத்தனை வருஷ வைராக்கியம் எங்க போச்சு?" என்று கேட்டது, இட்லி விற்ற காலத்தில் எட்டிப் பார்க்காத அதே தெருதான்.

ஷர்மிளா 2017இல் கொடைக்கானலில் திருமணம் செய்துகொண்டார். அங்கும் சிலர் எதிர்ப்பு மனுக் கொடுத்தார்கள். அதையும் மீறித்தான் பதிவு நடந்தது. உங்கள் வீட்டில் இப்படி வைராக்கியமாக நின்ற யாராவது ஒருநாள் போதும் என்றால், ஏன் என்று கேட்காதீர்கள். இலை போட்டுச் சாப்பிட உட்காரவையுங்கள்.