சாய்ந்த சுவரும் ஆடும் ஸ்டியரிங்கும்

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அறந்தாங்கிப் பக்கத்தைச் சேர்ந்த வேன்காரர் ஒருவர் வந்து சலாம் சொல்லி உட்கார்ந்தார். பழைய வேன் ஒன்றைச் சொந்தமாக வைத்துத் தாமே ஓட்டிப் பிழைப்பவர். மறுநாள் காலை ஒரு கல்யாண வீட்டாரைக் கோட்டைப்பட்டினத்துக்கு அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கியிருந்தார். அன்றைக்குத்தான் வண்டியைப் பட்டறையில் காட்டியிருக்கிறார். முன்பக்கத்தை ஜாக்கி கொடுத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்த மெக்கானிக், "டை ராடு என்டு தேஞ்சு போச்சு பாய். கிங் பின்னும் ஆடுது. மாத்தாம ரோட்டுல எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். சாமான் புதுக்கோட்டையிலிருந்து வர வேண்டும். வந்தாலும் வேலை முடிய இரண்டு நாளாகும்.

"ஹஜரத், வாக்குக் கொடுத்துட்டேன். வாக்கு மீறுறது முனாஃபிக்குடைய அடையாளம்னு நீங்கதானே ஜும்ஆவுல சொன்னீங்க? மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடுறேன். பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்தா அல்லாஹ் காப்பாத்த மாட்டானா?" என்று கேட்டார்.

"போக வேண்டாம் பாய்" என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப் போயிற்று. நியாயத்தை எடுத்துச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொன்னது என் குறை. அன்றிரவு கிதாபுகளைப் புரட்டியபோது கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். இது வேன் வைத்திருப்பவருக்கு மட்டும் உரிய விஷயமன்று. இன்று வாகனம் இல்லாத வீடு எது?

தேய்மானம் என்றால் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். கையில் பிடிக்கும் ஸ்டியரிங்குக்கும் தரையில் ஓடும் முன்சக்கரங்களுக்கும் நடுவே பல இணைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று டை ராடு. அதன் முனையில், கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் இரும்பு உருண்டை கிரீஸ் பூசியபடி அசையும். அதை ஒரு ரப்பர் மூடி காக்கும். மூடி கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மழைத் தண்ணீரும் புழுதியும் உள்ளே புகும். மணமேல்குடி, மீமிசல் பக்கம் ஓடும் வண்டிகளுக்குக் கடற்கரை மணலும் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். உருண்டையும் கிண்ணமும் ஒன்றையொன்று அராவத் தொடங்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நேர்ச் சாலையிலும் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டி வரும். ஓட்டுபவருக்கோ இது நாளடைவில் பழகிவிடும். அப்படிப் பழகிவிடுவதுதான் இதிலுள்ள பெரிய அபாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிட்டால், அந்தச் சக்கரத்துக்கும் ஓட்டுபவரின் கைக்கும் சம்பந்தம் அற்றுவிடும். மெதுவாக ஓட்டுவது அடியின் வேகத்தைக் குறைக்கலாம், கழலுவதைத் தடுக்காது.

இனி தவக்குல். ஒட்டகையைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்குப் போதித்ததை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அந்த ஒட்டகை அவருடையது. அது அவிழ்ந்து ஓடினால் நஷ்டம் அவருக்கு மட்டுமே. தன் பொருள் விஷயத்திலேயே கயிற்றை விடக் கூடாது என்றிருக்க, பிறர் உயிர் விஷயத்தில் பிஸ்மில்லாஹ்வைக் கயிற்றுக்குப் பதிலாக வைப்பது எப்படிச் சரியாகும்? பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் வண்டியை எடுக்க வேண்டும். அதற்காக டை ராடு செய்யும் வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

நம் அரபி மதரஸாக்களில் இன்றும் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயா என்னும் ஹனஃபி சட்ட நூலில், கொலைக்குரிய நஷ்டஈட்டைப் பற்றிய பாடத்தில் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அதை எழுதிய இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 593-ல், அதாவது கி.பி. 1197-ல் காலமானவர்கள். மோட்டாரைக் கனவிலும் காணாத காலம். ஆயினும் நம் வேன்காரரின் கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

ஒருவருடைய சுவர் நேராகத்தான் கட்டப்பட்டது. காலப்போக்கில் பொதுவழியின் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒருநாள் விழுந்து வழிப்போக்கர் ஒருவர் இறந்துபோகிறார். வீட்டுக்காரர் பொறுப்பாளியா? சுவரை இடிக்கும்படி முன்னதாக எவரும் அவரிடம் கேட்கவில்லையென்றால் அவர்மீது பொறுப்பில்லை. ஆனால் எவரேனும் வந்து, "உங்கள் சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்துவிடுங்கள்" என்று கேட்டு, இடிப்பதற்குப் போதுமான அவகாசமும் இருந்து, அவர் இடிக்காமல் விட்டிருந்தால் இறந்தவருக்குரிய திய்யத்து அவரைச் சாரும். அதே சுவர்தான், அதே சாய்வுதான். நடுவில் ஒருவர் வந்து சொன்ன ஒரு சொல் விஷயத்தை மாற்றிவிடுகிறது. ஆரம்பத்திலேயே கோணலாகக் கட்டியிருந்தால் அந்தச் சொல்லும் தேவையில்லை. மட்டமான சாமான் என்று தெரிந்தே வாங்கி மாட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

யார் வந்து சொன்னால் செல்லும்? வழி எல்லோருக்கும் பொது. ஆகவே அதில் நடக்கும் பாத்தியதை உள்ள எவரும் கேட்கலாம், முஸ்லிமாயினும் முஸ்லிம் அல்லாதவராயினும் சமமே என்கிறது அந்நூல். இதை நான் வேன்காரரிடம் குறிப்பாகச் சொன்னேன். ஏனெனில் அவருடைய மெக்கானிக் நம் மார்க்கத்தவர் அல்லர். "தனக்கு வேலை கிடைக்கணும்னு சொல்றாரோ என்னவோ" என்று வேறு அவருக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் இருந்தால் இன்னொரு ஃபிட்டரிடம் காட்டட்டும், தாமே வண்டிக்கு அடியில் குனிந்து, வேறொருவரை ஸ்டியரிங்கை அசைக்கச் சொல்லி, இணைப்பின்மேல் கை வைத்துப் பார்க்கட்டும். சந்தேகம் தீரும்வரை வண்டி நிற்கட்டும். சொன்னவரின் நோக்கத்தைச் சந்தேகிப்பதால் தேய்ந்த இரும்பு கெட்டியாகிவிடாது.

அடுத்து வரும் நுணுக்கம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. சுவர் அண்டை வீட்டின் பக்கம் சாய்ந்திருந்தால், அந்த வீட்டுக்காரர் "பரவாயில்லை, இன்னும் பத்து நாள் போகட்டும்" என்று தவணை கொடுக்கலாம். அது அவருடைய உரிமை. பொதுவழியின் பக்கம் சாய்ந்திருந்தாலோ, கேட்டவர் தவணை கொடுத்தாலும் செல்லாது, காஜி கொடுத்தாலும் செல்லாது. அந்த உரிமை மக்கள் அனைவருக்கும் உரியது, அதை விட்டுக்கொடுக்க இவர்கள் யார்? கல்யாண வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லி, "மெதுவாகப் போங்கள், நாங்கள் சம்மதிக்கிறோம்" என்று அவர்கள் சொல்லிவிட்டால் போதாதா என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருக்கும் பெரியவர்கள் சம்மதிக்கலாம். (தம் உயிரை அபாயத்தில் போட அவர்களுக்கும் அனுமதியில்லை என்பது வேறு விஷயம்.) மடியில் தூங்கும் குழந்தை சம்மதிக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன்கூடையோடு ஓரமாக நடப்பவரிடமும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடமும் யார் போய்க் கேட்டார்கள்?

சுவருக்கும் வண்டிக்கும் வித்தியாசமும் உண்டு, அது வண்டிக்காரருக்கு இன்னும் பாதகமானது. சாய்ந்த சுவர் ஆள் தேடும் நேரத்திலும் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். எனவே கூலியாள் தேடிப் போகும் நேரத்துக்குச் சட்டத்தில் மன்னிப்பு உண்டு. வண்டியோ நிறுத்திவிட்டால் ஒருவரையும் ஒன்றும் செய்யாது. சாமான் வரும்வரை நிறுத்திவைப்பவர்மீது ஒரு குற்றமும் இல்லை. மேலும், சுவர் விழுந்து ஒருவர் இறந்தால் ஹனஃபி மத்ஹபில் கஃப்பாரா கிடையாது. வாகனத்தில் ஏறிச் செல்பவர் ஒருவரை மிதித்துக் கொன்றாலோ தவறுதலாகவே நேர்ந்திருந்தாலும் திய்யத்தோடு கஃப்பாராவும் உண்டு. அடிமையை விடுதலை செய்வது இக்காலத்தில் இல்லாத காரியமாகையால், இரண்டு மாதம் இடைவிடாத நோன்புதான் மிஞ்சும். நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் நிறைய உண்டு. அவர்களுடைய சட்டத்திலும் தவறுதலாகக் கொன்றவருக்குக் கஃப்பாரா உண்டு. "இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பார்கள் சிலர். இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும், நமக்காக நோன்பு வைக்காது.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993-ல் புரூணையில் கூடியபோது, வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஓட்டுபவரே பொறுப்பாளி என்றும், அவரால் தடுக்க இயலாத நிர்ப்பந்தம் போன்ற சில நிலைகளுக்கே விலக்கு என்றும் முடிவு கூறிற்று. மெக்கானிக் முந்தின நாளே சொல்லிவிட்ட ஒன்றை அத்தகைய நிர்ப்பந்தம் என்று எவ்வாறு சொல்வது? நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, அபாயம் விளைக்கும் பழுதை அறிந்தோ, சாதாரணக் கவனத்தால் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ, அந்த வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவர், ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் மூவரையும் பிடிக்கிறது. விபத்துக்குக் காரணம் இயந்திரக் கோளாறு என்று உரிமையாளர் வாதிட்டால், அக்கோளாறு மறைந்திருந்தது, தக்க கவனத்தாலும் கண்டுபிடிக்க முடியாதது என்று அவர் எடுத்துக்காட்ட வேண்டும் என 1977-ல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது.

தேயாத சாமான் உள்ள வண்டி உலகில் உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மார்க்கம் வஸ்வாஸை விரும்புவதில்லை. சிறு சத்தம் கேட்டதெல்லாம் வண்டியை நிறுத்தக் காரணமாகாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-வது விதி ஓர் அளவு சொல்கிறது. ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, பால் ஜாயின்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 30 டிகிரி என்பது கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி. வாடகை வண்டிகளை எஃப்.சி.க்காவது கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சொந்தக் கார்களுக்கோ முதல் 15 ஆண்டுகளுக்கு அதுவும் இல்லை. அங்கே நாமேதான் நமக்கு ஆய்வாளர்.

வாக்கு மீறுவது பற்றிய அவருடைய அச்சம் மெய்யானது. அதை நான் லேசாக எண்ணவில்லை. ஒன்றைச் செய்வதாகச் சத்தியமே செய்தபின் அதைவிட நல்லது வேறொன்று என்று கண்டால் நல்லதையே செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது நபிவழி. அவர் கொடுத்த வாக்கு, அவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகத்தானே? இதில் நம் பங்கும் இருக்கிறது. பந்தலுக்கும் பிரியாணிக்கும் கணக்குப் பார்க்காத கல்யாண வீடுகள் வேன் வாடகையில்தான் அடித்துப் பேசிக் குறைக்கின்றன. டயரும் கிங் பின்னும் அந்தக் குறைத்த காசிலிருந்துதான் வர வேண்டும். பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள், இப்படி வண்டியை நிறுத்தி வைத்திருப்பவருக்குக் கடனாகவேனும் உதவலாம். அழகிய கடனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

வேன்காரர் அன்றிரவே கல்யாண வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லி, வேறொரு வேன் பிடித்துக் கொடுத்தார். வாடகை வித்தியாசத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். அவருடைய வண்டி மறுநாள் ஓடியிருந்தால் அந்த இணைப்பு கழன்றிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. கழலாமலே போயிருக்கவும் கூடும்.

டை ராடு என்டைப் பிறகு மாற்றிவிட்டார். கிங் பின் வேலைக்கு முழுப்பணம் சேராததால் வண்டி இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை வந்து, விற்றுவிடலாமா என்று யோசனை கேட்டார். ஹிதாயாவின்படி, எச்சரிக்கப்பட்டவர் வீட்டை விற்று வாங்கியவர் கைவசமாகிவிட்டால் சுவரின் பொறுப்பு விற்றவரை விட்டு நீங்கிவிடும். ஆனால் மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரமாக இருந்ததையும், அந்த வியாபாரியிடம் அவர்கள் எவ்வளவு கடுமையாகப் பேசினார்கள் என்பதையும் அவருக்கு நினைவூட்டினேன். கிங் பின் ஆடுவதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்கும்படி கூறினேன்.

"சொன்னா விலை குறையுமே, ஹஜரத்?"

"குறையும் பாய்" என்றேன்.