வெறித்த பார்வையும் விலகிய பார்வையும்

அந்நிய தேசத்தில் வசிப்பவர் மீது ஊரார் கண்கள் ஓயாமல் பதிவதைப் பெரும் இம்சை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வட ஜப்பானில், யமகட்டா மாகாணத்து யொனெசாவா நகரில் நான் வாசம் செய்த காலத்திலோ, பார்க்காமல் விடப்பட்டதுதான் என் மனத்தை வருத்தியது. ரயிலில் பலர் நின்றுகொண்டே வருவார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும். எல்லோரும் மரியாதை மிக்கவர்கள், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் என் புடவையின் மீதோ நெற்றிக் குங்குமத்தின் மீதோ ஒரு கண்ணும் அரைக் கணத்துக்கு மேல் தங்குவதில்லை. என்னையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் முகத்தை அதன் தாய் மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பியபோது, அந்த வண்டியில் எனக்கு இருந்த ஒரே துணையும் போய்விட்டது.

இதே பிரதேசத்தின் வழியாக, 1878-ஆம் வருஷம், இஸபெல்லா பேர்ட் என்னும் ஆங்கில மாது ஒரு மொழிபெயர்ப்பாளரைத் துணைகொண்டு பிரயாணம் செய்தார். தோக்கியோவை விட்டபின் தங்கிய முதல் சத்திரத்திலேயே காகிதத் தட்டிகள் துளைமயமாக இருந்தன. துளைகளுக்குப் பின்னால் மனிதக் கண்கள். பாங்கே என்னும் ஊரில் சுமார் 2,000 பேர் திரண்டுவிட்டார்கள். சேணத்தில் தொங்கிய தூரக் கண்ணாடியை அவர் உறையிலிருந்து எடுக்கப் போனதும், கைத்துப்பாக்கி என்று அஞ்சிக் கிழவரும் குழந்தைகளும் விழுந்தடித்து ஓடினார்கள். ஆயினும் அந்த ஜனங்கள் சாதுக்கள், அவமதிக்கும் எண்ணம் கிஞ்சித்தும் இல்லாதவர்கள் என்றே அவர் எழுதினார். யொனெசாவாச் சமவெளியை ஏதேன் தோட்டம் என்று புகழ்ந்த அதே பேனாவினால், ஏழைக் கிராமவாசிகளின் அழுக்கையும் சரும நோயையும் சற்றும் தயவின்றி வர்ணித்தார். தட்டியின் இருபுறமும் கண்கள் இருந்தன என்பதே உண்மை. கண்டதை அச்சேற்றும் வசதிதான் ஒருவருக்கு மட்டும் வாய்த்திருந்தது.

யொனெசாவா பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அதை ஆண்ட உயேசுகி யோசான் என்னும் பிரபு, கடனில் மூழ்கிய தம் சமஸ்தானத்தைக் கரையேற்ற ஊக்குவித்த தொழில்களில் அதுவும் ஒன்று. ஒரு தீபாவளியன்று காஞ்சிப் பட்டு உடுத்தி நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கூன் விழுந்த ஒரு மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்தபடியே அருகில் வந்தார். தலை வணங்கி அனுமதி கேட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தானையைப் புரட்டி, உடலும் கரையும் இணைகிற கோர்வையின் மீது கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார்.

“இதை ஒரே ஆள் நெய்ய முடியாதே?” என்றார்.

“முடியாது, பாட்டி. பக்கத்தில் உதவிக்கு ஒருவர் வேண்டும்.”

நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவராம். பஸ் வரும்வரை எங்கள் சம்பாஷணை ஓயவில்லை. எத்தனை பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதை நான் கவனிக்கவுமில்லை.

இந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு, வெறித்த பார்வை யாவும் சினேகத்தின் ஆரம்பம் என்று வாதிட எனக்குத் துணிவு வரவில்லை. கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், 1951-இல் சுவிட்சர்லாந்தின் லாய்க்கர்பாட் என்னும் மலைக்கிராமத்துக்குச் சென்று தங்கிய அனுபவத்தை 1953-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். குழந்தைகள் தெருவில் அவர் நிறத்தைச் சொல்லிக் கூவினார்கள். சிலர் அவர் கேசத்தைத் தொட்டார்கள், நிறம் ஒட்டிக்கொள்ளவில்லையே என்று அதிசயித்தார்கள். அதில் துவேஷம் இல்லை என்று ஒப்புக்கொண்ட அவரே, தாம் ஒரு மனிதர் என்ற நினைவும் அதில் இல்லை என்று கண்டார். என் மீது கண்களை இழுத்ததோ நான் விரும்பி உடுத்திய புடவை; மறுநாள் அதை மடித்து வைத்துவிட்டு வேறு உடையில் வெளியே போக எனக்குச் சுதந்திரம் இருந்தது. அவருக்கு அது இல்லை. அவர் பெயர் ஊராருக்குத் தெரியும், அதைச் சொல்லி அழைத்தவர் அபூர்வம். அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்பதும் தெரியும், அதை நம்பியவர் அதனினும் அபூர்வம். அவரோடு அமர்ந்து குடித்தவர்கள் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளும்படி அவரை அழைத்தார்கள். சறுக்குக் கட்டைகளின் மேல் அவர் எப்படித் தோன்றுவார் என்று பார்க்கும் ஆவலும் அந்த அழைப்பில் கலந்திருந்தது. விறகு திருடுகிறார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பழி சொன்னவர்களும் அவ்வூராரே.