வாணலியைக் கழுவினால் போதுமா?

தாய்லாந்து போய்வந்த சைவக்காரர்கள் எல்லோரும் ஒரே புகார்தான் சொல்கிறார்கள். "ஊரெல்லாம் சூப்பர், சாப்பாடுதான் சார் கஷ்டம்!" எனக்கென்னவோ அங்கே சாப்பாடு கிடைப்பது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. சைவம் என்றால் என்ன என்று யோசிக்க வைத்துவிடுகிறார்களே, அதுதான் கஷ்டம்.

பாங்காக்கின் சின்னச் சின்ன வதக்கல் கடைகளில் சமையல் நம் கண்ணெதிரே நடக்கும். நாலு மேஜை, பிளாஸ்டிக் ஸ்டூல்கள், புஸ்ஸென்று சீறும் கேஸ் அடுப்பு, அதன் மேல் ஒரே ஒரு வாணலி. பூண்டும் மிளகாயும் விழும். தண்ணீரில் வளரும் 'பக் பூங்' கீரை ஒரு பிடி விழும். இரண்டே நிமிஷத்தில் தட்டுக்கு வந்துவிடும். பார்த்தால் பச்சைப் பசேலென்று பரம சைவம். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டு பாட்டில்கள் சாய்ந்து நிமிர்ந்திருக்கும். ஒன்று 'நாம் ப்ளா'. நெத்திலி மாதிரி பொடி மீன்களை உப்பில் போட்டு, பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஊறவைத்து வடிக்கிற சாறு. இன்னொன்று சிப்பியில் செய்த சாஸ். "ஏம்மா, சைவம்னு சொன்னேனே?" என்று கேட்டால், "கறி போடலையே!" என்று சிரிப்பார்கள். ஏமாற்றவில்லை. அவர்களுக்கு அது உப்பு மாதிரி.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு வந்த சென்னை நண்பர் பிறவி சைவம். அதே மேஜையில் வந்து உட்கார்ந்த ஜெர்மன் பெண், வீகன். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய கூட்டாளிகளும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. கறி, மீன் மட்டுமல்ல; பால், முட்டை, தேன்கூடக் கிடையாது. அந்தப் பெண் தெளிவாக, "மை சாய் நாம் ப்ளா" என்றார். மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். சிப்பி சாஸ் பாட்டிலைக் காட்டி அதற்கும் கை ஆட்டினார். கடைக்கார அம்மா தலையாட்டிவிட்டு, வாணலியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, பிரஷ்ஷால் ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டிவிட்டுக் கீரையைப் போட்டார். அதற்கு முந்தின நிமிஷம் வரை அதில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ரசித்துச் சாப்பிட்டார். நண்பர் தொடவில்லை. "இறால் வதக்கின சட்டி சார் அது. உள்ளே இறங்காது" என்று இரண்டு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டார். கூடவே, கன்டென்ஸ்டு மில்க் ஊற்றின ஐஸ் டீ ஒன்று. அதைப் பார்த்து இப்போது அந்தப் பெண் முகத்தைச் சுளித்தார்.

இந்த இரண்டு பேரில் யார் சைவம்?

பி.காம். படித்த புத்திக்கு எல்லாமே வரவு செலவுதான். அந்த இறால் வேறொருவர் ஆர்டருக்காகச் செத்தது. அதே வாணலியில் கீரை வதக்குவதால் இன்னொரு இறால் சாகப்போவதில்லை. பால் அப்படியல்ல. மாடு கன்று போட்டால்தான் பால். அது காளைக் கன்றாகப் பிறந்துவிட்டால், டிராக்டர் வந்த பிறகு அதற்கு என்ன வேலை? உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்வது நம் நாடு. எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் இருக்கிறது. இரண்டும் ஒரே பேரேட்டின் இடது பக்கமும் வலது பக்கமும்.

நண்பருடைய கேள்வி, 'எனக்குள் என்ன போகிறது?' அந்தப் பெண்ணின் கேள்வி, 'என்னால் எது சாகிறது?' முதலாவது சுத்தம், இரண்டாவது ஜீவகாருண்யம். நாம் சுத்தத்தைப் பார்த்துக்கொண்டே அதற்கு ஜீவகாருண்யம் என்று பெயர் வைத்துவிட்டோம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வாணலியைச் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய கண், மெல்ல அதில் சமைத்துச் சாப்பிடுகிறவனையும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிடும். சென்னையில் 'வெஜிடேரியன்களுக்கு மட்டும்' என்று வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர், ஆடு கோழி மேல் இரக்கப்பட்டா அப்படி போர்டு மாட்டுகிறார்?

அதற்காக நண்பரைக் கேலி செய்ய மாட்டேன். எந்த வாதமும் தெரியாமல், 'உவ்வே' என்கிற ஒரே உணர்ச்சியால் தலைமுறை தலைமுறையாகக் கறி தொடாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. கணக்குப் பார்க்கிற மனசு, பசி வந்தால், 'ஒரு ஸ்பூன் மீன் சாறுதானே' என்று கணக்கையே மாற்றி எழுதிவிடும். குமட்டலுக்குப் பேரம் பேசத் தெரியாது. தாய்லாந்துக்காரர்களின் 'ஜே' விரதத்தில் இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்தே இருக்கின்றன. சீனக் காலண்டரின் ஒன்பதாம் மாதம், ஒன்பது நாள். பால், முட்டை கிடையாது. பூண்டு, வெங்காயமும் கிடையாது. கறாராக இருப்பவர்களுக்குப் பாத்திரமும் தனி.

மற்ற நாட்களில் பலரும் கடைப்பிடிப்பது கேட்காமல் இருப்பதுதான். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டால் எந்த பாட்டில் சாய்ந்தது என்று தெரியாது, பாருங்கள்! பிட்சு, தனக்காகக் கொன்றதைப் பார்க்காமலும் கேட்காமலும் சந்தேகிக்காமலும் இருந்தால் அந்த இறைச்சியை ஏற்கலாம் என்று புத்தர் அனுமதித்தார். மீனும் மாமிசமும் அறவே கூடாதென்று விதி போடச் சொல்லி தேவதத்தன் வற்புறுத்தியபோதும் மறுத்துவிட்டார். ஆனால் அது திருவோட்டில் விழுந்ததைச் சாப்பிடுகிறவருக்கான விதி. கையில் மெனு கார்டும் பர்ஸில் பணமும் வைத்திருக்கிற நாம் எப்படி அந்தச் சலுகையைக் கேட்க முடியும்?

தாய் மொழியில் 'ஜே கியா' என்றொரு கிண்டல் வார்த்தை உண்டு. கறித் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, காயை மட்டும் சாப்பிட்டு 'நானும் சைவம்' என்கிற ஆசாமிகளுக்கு! பக்கத்துத் தட்டில் மிஞ்சினதை அப்படிப் பொறுக்கினால் பிரச்னையில்லை. தானே ஆர்டர் செய்துவிட்டு ஒதுக்கினால், அந்தத் துண்டுக்கும் சேர்த்துத்தானே பில்?

போகிறவர்களுக்கு ஒரு தகவல். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிந்தால் அது ஜே கடை, தைரியமாக நுழையலாம். பூண்டு வாசனை மட்டும் கிடைக்காது. சாதாரணக் கடை என்றால், சிப்பி சாஸுக்குப் பதிலாகக் காளான் சாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். வாணலி ஒன்று, கை இரண்டு. அந்த அம்மாவும் பாவம்!