குறை உடலிலா, வாசலிலா?

தீண்டாமைக்கு எதிராக இலங்கையில் 1957இல் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பில் சாதி என்ற சொல் இல்லை. ‘சோஷல் டிசெபிலிட்டி’, அதாவது சமூகக் குறைபாடு, என்றே இருக்கிறது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பிலும் ‘டிசெபிலிட்டி’ உண்டு. அங்கே அது பார்வை இழந்தவரையும் கால் இழந்தவரையும் பற்றியது.

இரண்டும் வேறு வேறு என்பீர்கள். ஆனால் பழைய ஆங்கிலச் சட்ட வழக்கில் அந்தச் சொல்லுக்கு உரிமை மறுக்கப்பட்ட நிலை என்று பொருள். 1829 வரை பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கத்தோலிக்கர் அமர முடியவில்லை. அதையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். அவர்கள் உடலில் குறை இருக்கவில்லை, சட்டத்தில் இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். பொதுக்கிணற்றில் தண்ணீர் அள்ள விடாமல் தடுக்கப்பட்டவரின் கையில் என்ன குறை? 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலமாகப் புறப்பட்டவர்களின் காலில் என்ன குறை? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்களின் பக்தியில்தான் என்ன குறை? குறை முழுவதும் மறித்தவர்கள் காத்து நின்ற ஒழுங்கில் இருந்தது.

அதே கேள்வியைச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்காகவும் கேளுங்கள். அவரை வெளியே நிறுத்துவது அவருடைய காலா, நாம் கட்டிய படிக்கட்டா? பொதுக் கட்டடங்களில் அவரைப் போன்றவர்களும் சென்றுவர வசதி வேண்டுமென்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. படிகள் மட்டுமே உள்ள வாசல்கள் இன்னும் இருக்கின்றன.

இந்த இரண்டு அநீதிகளுக்கும் நம்மவர் சொல்லும் சமாதானம் ஒன்றே: முற்பிறப்பு வினை. தாழ்த்தப்பட்டவனாகப் பிறந்ததும் வினை, கால் போனதும் வினை. போர்க்களமாயிருந்த முகமாலை மண்ணில் மிதிவெடியைப் புதைத்தது எந்தப் பிறவி? இந்தப் பிறவியில், மனிதர் செய்து, மனிதர் புதைத்த வெடி அது. கிணற்றை மறித்ததும் மனிதர்கள்தான். செய்தவரைத் தப்பவிட்டு, பட்டவரையே குற்றவாளியாக்கும் கோட்பாட்டுக்கு ஆன்மிகம் என்று பெயர் சூட்டுவது அறமாகாது.

கோயில் பரிபாலன சபைகளே, சனசமூக நிலையங்களே, வாசிகசாலைகளே, உங்கள் வாசலை ஒருமுறை சக்கர நாற்காலியின் உயரத்திலிருந்து பாருங்கள். அடுத்த திருவிழாவுக்குக் கோபுரத்துக்கு வர்ணம் பூச ஒதுக்கும் பணத்தில் முதலில் ஒரு சாய்தளம் கட்டுங்கள். மனிதர் போட்ட தடையை மனிதரே அகற்ற வேண்டும்.